குறைந்தது ஒரு கறுப்புப் பந்து: விடை 84-ஆ, 64-ஆ, 6-ஆ?

முகில்:
பையில் 2 வெள்ளை, 3 கறுப்பு, 4 சிவப்புப் பந்துகள். மூன்றை எடுக்க வேண்டும். ஒன்றாவது கறுப்பாக இருக்க வேண்டும். எத்தனை வழிகள்? விடைக்குறிப்பு 64 என்கிறது. நான் முதலில் ஒரு கறுப்பை எடுத்து வைக்கிறேன்: 3 வழிகள். நிபந்தனை அதோடு நிறைவேறிவிட்டது. மீதி 8 பந்துகளில் எந்த இரண்டையும் எடுக்கலாம்: 28 வழிகள். ஆக 3 × 28 = 84. எந்தப் படி தவறு?

தேன்மொழி:
நிபந்தனையே இல்லாமல் 9 பந்துகளில் மூன்றை எடுக்கும் வழிகளே 84தான். அவற்றுள் கறுப்பே இல்லாதவை 20. அவற்றை நீக்கிய பிறகும் 84 எப்படி மிஞ்சும்?

முகில்:
விடை பொருந்தவில்லை என்கிறீர்கள், சரி. பெருக்கல் விதியை எங்கே மீறினேன் என்று நீங்கள் சொல்லவில்லையே!

தேன்மொழி:
கறுப்புப் பந்துகளை க1, க2, க3 என்போம். க1-ஐ எடுத்து வைத்துவிட்டுப் பிறகு க2-ஐயும் ஒரு சிவப்பையும் எடுக்கிறீர்கள். அல்லது க2-ஐ எடுத்து வைத்துவிட்டுப் பிறகு க1-ஐயும் அதே சிவப்பையும் எடுக்கிறீர்கள். கையில் இருப்பவை அதே மூன்று பந்துகள். உங்கள் கணக்கிலோ இரண்டு வழிகள். ஒரு கறுப்பு உள்ள தேர்வுகள் 45, இரண்டு உள்ளவை 18, மூன்றும் கறுப்பானது 1. கூட்டினால் 64. நீங்கள் 18-ஐ இருமுறையும் கடைசி ஒன்றை மும்முறையும் எண்ணியிருக்கிறீர்கள்: 45 + 36 + 3 = 84.

இளம்பரிதி:
64-ஐயும் நான் ஏற்கமாட்டேன். பந்துகளில் எண் எழுதியிருப்பதாகக் கேள்வி சொல்லவில்லை. நிறம் மட்டுமே தெரியும் என்றால் ஒரு கறுப்புடன் 3 அமைப்புகள், இரண்டுடன் 2, மூன்றுடன் 1. மொத்தம் 6.

தேன்மொழி:
அந்த ஆறும் சம வாய்ப்புள்ளவை அல்ல. பார்க்காமல் எடுத்தால் மூன்றும் கறுப்பாக வருவது 84-இல் 1; நிறத்துக்கு ஒன்றாக வருவது 84-இல் 24. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பைக்குள் ஒன்பது தனித்தனிப் பந்துகள் இருக்கின்றன. நான் எண்ணுவது அவற்றைத்தான்.

இளம்பரிதி:
நிகழ்தகவுக்கு அது முற்றிலும் பொருந்தும். இங்கே நிகழ்தகவை யார் கேட்டார்கள்? “பந்துகள் வெவ்வேறானவை” என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டுவிட்டு, 6 என்று எழுதிய மாணவருக்குப் பூஜ்யம் போடுவது அநியாயம்.

முகில்:
‘குறைந்தது இரண்டு கறுப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். என் முறையில் 3 × 7 = 21; பிரித்து எண்ணினால் 18 + 1 = 19. மூன்றும் கறுப்பான அந்த ஒரே தேர்வு இங்கேயும் மும்முறை வந்துவிடுகிறது.