"நீங்கள்தான் யூதர் இல்லையே" என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு

யூதர் என்று தவறாக நினைக்கப்பட்டு, ஆள் மாறி அடிபட்டவர்களின் அனுபவங்களைப் படித்தபோது, போன குளிர்காலத்தில் பெர்லினில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எபர்ஸ்வால்டர் ஸ்ட்ராஸ நிறுத்தத்தில் நானும் அலுவலக நண்பர் ஒருவரும் ட்ராமுக்காக நின்றிருந்தோம். நண்பர் ஜார்ஜியா நாட்டுக்காரர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அடர்ந்த கறுப்புத் தாடி, நீளமான கறுப்புக் கோட்டு. தலையில் அவர் ஊரின் ஸ்வானேதி மலைக்காரர்கள் போடும் வட்டமான கம்பளித் தொப்பி. அதன் உச்சியில் சிலுவை மாதிரிக் கயிறு வைத்துத் தைத்திருக்கும். எதிரே வந்த ஒருவன் நேராக இவரிடம் வந்து, "யூத நாயே" என்று ஜெர்மனில் கத்தி, கோட்டில் துப்பிவிட்டுத் தொப்பியைத் தட்டிவிட்டான். ஓடக்கூட இல்லை, நிதானமாக நடந்து போனான். தொப்பி சகதியில் கிடந்தது.

ஒரு பாட்டி கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் விசாரித்துவிட்டு, "நீங்கள்தான் யூதர் இல்லையே, விடுங்கள்" என்றார். மறுநாள் அலுவலகத்திலும் அதே ஆறுதல்தான். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் பக்கத்து மேசையில் எங்களோடு வேலை செய்யும் யூதப் பெண் உட்கார்ந்திருந்தார். ரயிலில் ஏறும்போது கழுத்துச் சங்கிலியில் இருக்கும் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொள்பவர் அவர். அவர் காதில் அந்த ஆறுதல் எப்படி விழுந்திருக்கும்? யூதராக இருந்திருந்தால் அந்த எச்சில் சரியான இடத்தில் விழுந்திருக்கும் என்றுதானே அதற்கு அர்த்தம்? "போலீசில் சொன்னீர்களா?" என்று கேட்டது அவர் ஒருவர்தான்.

இதே வட்டாரத்தில் 2018 ஏப்ரலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கிப்பா என்ற யூதர்களின் சிறு தொப்பியை அணிந்து நடந்த 21 வயது இளைஞரை ஒருவன் "யஹூதி" (அரபியில் யூதன்) என்று கத்திக்கொண்டே பெல்ட்டால் விளாசினான். அடிபட்டவர் இஸ்ரேலிலிருந்து வந்த அரபுக் குடும்பத்துப் பையன், யூதர் இல்லை. கிப்பாவோடு வெளியே போனால் ஆபத்து என்று மற்றவர்கள் சொன்னதை நம்பாமல், அப்படியெல்லாம் இல்லை என்று காட்டத்தான் அதை அணிந்து கிளம்பியிருந்தார். 2019 அக்டோபர் 9 அன்று, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரில், ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதர்களின் ஜெப ஆலயக் கதவை உடைக்க முடியாமல் போனவன், தெருவில் போன ஒரு பெண்ணையும் கபாப் கடையில் இருந்த ஒரு இளைஞரையும் சுட்டுக் கொன்றான். இருவருமே யூதர் இல்லை. அமெரிக்காவின் ஓவர்லாந்து பார்க்கில் 2014இல் யூத மையங்களைத் தேடிப்போய்ச் சுட்டவனுக்குப் பலியான மூவரும் கிறிஸ்தவர்கள். இவற்றையெல்லாம் யூத வெறுப்புக் கணக்கில் சேர்க்காமல் வேறு எதில் சேர்ப்பது?

சரி, புகார் விஷயத்துக்கு வருகிறேன். காவல் நிலையத்தில் முதலில் சாதாரண அவமதிப்பு என்றுதான் எழுதப் பார்த்தார்கள், பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவர் என்பதால். அவன் என்ன கத்தினான் என்பதை வார்த்தை மாறாமல் எழுதச் சொல்லி நானும் நண்பரும் பிடிவாதமாக நின்றோம். அடிபட்டவர் யார் என்பது இங்கே கேள்வியே இல்லை, அடித்தவன் என்ன நினைப்பில் அடித்தான் என்பதுதான் கேள்வி. தண்டனையை முடிவு செய்யும்போது யூத வெறுப்பு நோக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று 2021இல் ஜெர்மன் குற்றவியல் சட்டத்திலேயே வெளிப்படையாகச் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆள் இன்னும் சிக்கவில்லை.

இங்கே இருக்கும் நம் ஆட்கள் இப்படி எதையாவது பார்த்தால், நேரம், நிறுத்தத்தின் பெயர், கத்திய வார்த்தைகள் மூன்றையும் அன்றைக்கே போனில் குறித்து வையுங்கள். போலீசுக்குப் போகத் தயக்கமாக இருந்தாலும், இத்தகைய சம்பவங்களைப் பதிவு செய்யும் ரியாஸ் என்ற அமைப்பிடம் ஆன்லைனில் சொல்லலாம். அடிபட்டவர் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, பார்த்தவர்களும் சொல்லலாம்.