பழைய பிசிய ரவுட்டரா மாத்தினா அடிக்கடி கவனிக்கணுமா?

கேள்வி:
பழைய டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கிடக்கு, கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம். இத வீட்டு ரவுட்டர் கம் ஃபயர்வாலா (நெட்ல இருந்து வேண்டாதது உள்ள வராம தடுக்குற காவல்) மாத்தணும், ஒருவாட்டி செட் பண்ணிட்டா திரும்பத் திரும்ப அதுகிட்ட போய் நிக்கக்கூடாது, அதான் எனக்கு முக்கியம். போர்டுல ஒரே லேன் போர்ட்தான், யுஎஸ்பி அடாப்டர் சொருகினா போதுமா? ரவுட்டர் சாஃப்ட்வேர்ல ஓபிஎன்சென்ஸா (OPNsense) ஓபன்டபிள்யூஆர்டியா (OpenWrt)?

பதில் 1:
64 பிட் ப்ராசசர்தான், ரெண்டுமே ஓடும். யுஎஸ்பி அடாப்டர் மட்டும் வேணாம் ப்ரோ, லோடு ஏறும்போது கனெக்‌ஷன் விட்டு விட்டுப் போகும், நீங்க கேக்குற நிம்மதி அங்கயே போச்சு. இன்டெல் சிப் இருக்குற ரெண்டு போர்ட் லேன் கார்டு ஒண்ணு போடுங்க. ஓபிஎன்சென்ஸ் ஃப்ரீபிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் மேல ஓடுறதால ரியல்டெக் கம்பெனி சிப் இருக்குற கார்டுன்னா சிலசமயம் படுத்தும், ஓபன்டபிள்யூஆர்டி லினக்ஸ், அதுல அந்தத் தொல்லை கம்மி. அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு சின்ன எஸ்எஸ்டி போட்டுருங்க, பயாஸ்ல (பிசி ஆன் ஆகும்போது திறக்குற அடிப்படை செட்டிங் பக்கம்) கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங்க போட்டு வைங்க, அந்த செட்டிங்க ஞாபகம் வச்சுக்குற சிமாஸ் பேட்டரியும் (போர்டுல இருக்குற சின்ன பேட்டரி) புதுசா மாத்திருங்க, இல்லன்னா அந்த செட்டிங் அழிஞ்சு ஒவ்வொரு பவர்கட்டுக்கும் நீங்கதான் போய் பட்டன அமுக்கணும்.

பதில் 2:
முதல்ல கரண்ட கணக்கு பண்ணுங்க. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தா ஒரு நாளைக்கு 1.44 யூனிட், மாசம் 43 யூனிட். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கழட்டிருங்க. அப்பவும் குறையலன்னா ஃபேன் இல்லாத மினி பிசிதான் நல்லது, தூசி தட்டுற வேலையும் மிச்சம்.

கேள்வி கேட்டவர்:
கார்டு போட்டுக்கறேன். வைஃபைக்கு என்ன பண்றது? அப்டேட் போடாமலே விட்டா ஓடாதா?

பதில் 3:
ஓடும், ஆனா தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, நெட்டுக்கு நேரா நிக்கிற பெட்டி அது. ஓபிஎன்சென்ஸ்ல வருஷத்துக்கு ரெண்டு பெரிய வெர்ஷன், ஜனவரியிலயும் ஜூலையிலயும், நடுவுல சின்ன சின்ன அப்டேட் வரும். போடுறதுக்கு முன்னாடி கான்ஃபிக் ஃபைல (நீங்க போட்ட செட்டிங் எல்லாம் இருக்குற ஃபைல்) டவுன்லோட் பண்ணி வேற மெஷின்ல வைங்க, டிஸ்க்கே செத்தாலும் புதுசா இன்ஸ்டால் பண்ணி அந்த ஒரே ஃபைல ஏத்தினா பழையபடி வந்துரும். வைஃபைக்கு இப்ப இருக்குற ரவுட்டர்லயே டிஎச்சிபிய (ஒவ்வொரு டிவைசுக்கும் ஐபி அட்ரஸ் குடுக்குற வேலை) ஆஃப் பண்ணி அதோட ஐபிய மாத்தி, கேபிள லேன் போர்ட்ல சொருகிட்டா அக்சஸ் பாயிண்ட் (வைஃபை மட்டும் குடுக்குற பெட்டி) ரெடி. இன்டர்நெட் கம்பெனி குடுத்த மோடம பிரிட்ஜ் மோடுல (ரவுட்டர் வேலை செய்யாம நெட்ட அப்படியே கடத்துற மோடு) போடுங்க, இல்லன்னா டபுள் நாட் (double NAT) ஆகும், அதாவது ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல ரவுட்டர் வேலை பாக்கும். வெளிய இருந்து நம்ம கேக்காம வர்றத எல்லாம் ஃபயர்வால் தானாவே தடுக்கும், அந்த ரூல தொடாதீங்க, அட்மின் பேஜ வேன் (WAN, இன்டர்நெட் வர்ற போர்ட்) பக்கம் திறக்கவே திறக்காதீங்க.