கே3எஸ் கிளஸ்டரில் லோக்கி: வட்டு நிறைந்து மற்ற பாட்களும் வெளியேற்றப்படுகின்றன

கேள்வி: பாலக்காட்டுக் கணவாய்

வணக்கம். கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துப் பால் சங்கங்களுக்கான கொள்முதல் மென்பொருளை, மூன்று கணினிகள் கொண்ட கே3எஸ் (எளிய குபர்நெட்டீஸ்) கிளஸ்டரில் நடத்தி வருகிறோம்; செயலிகள் அதில் பாட் எனும் சிறு அலகுகளாக ஓடுகின்றன. எடையிலோ கொழுப்பு அளவிலோ உறுப்பினருக்கு ஐயம் எழுந்தால், அன்றைய லாக்கை, அதாவது மென்பொருளின் நிகழ்வுப் பதிவை, திறந்து காட்டித்தான் பதில் சொல்கிறோம்.

லாக்குகளைச் சேமித்துத் தேடித் தரும் லோக்கியை ஒரே பிரதியுள்ள டிப்ளாய்மென்ட்டாக (பாட்களை ஓட்டும் ஒரு முறை) நிறுவி, கே3எஸ் உடன் வரும் லோக்கல் பாத் சேமிப்பில் 20 ஜிபி கேட்டிருந்தோம். தக்கவைப்புக் காலம் 30 நாள் என்று எழுதியும் பழைய லாக் எதுவும் அழியவில்லை. 20 ஜிபியையும் தாண்டி வட்டு முழுவதும் நிறைந்தபோது, அதே கணினியில் இருந்த கொள்முதல் பாட்களையும், கணினியில் பாட்களை நிர்வகிக்கும் குபேலெட் வெளியேற்றிவிட்டது. மேலும், மழைக்காலத்தில் மின்சாரம் போய் அந்தக் கணினி மட்டும் நின்றால், லோக்கி மற்ற இரண்டுக்கும் நகராமல் பெண்டிங் (காத்திருப்பு) நிலையிலேயே நிற்கிறது. உறுப்பினர் எண்ணையும் எடை இயந்திர எண்ணையும் லாக்கின் லேபிளாக (வகைப்படுத்தும் குறிச்சொல்லாக) வைத்திருக்கிறோம். எதை முதலில் சீர்செய்வது?

மறுமொழி: செங்கோட்டை

அழிப்பதை முதலில் சீர்செய்யுங்கள். தக்கவைப்புக் காலத்தை மட்டும் எழுதினால் லோக்கி எதையும் அழிக்காது. லோக்கி அமைப்பில், பழையதை அழிக்கும் காம்பாக்டர் பிரிவில் ‘ரிட்டென்ஷன் எனேபிள்ட்’ என்பதை ட்ரூ ஆக்க வேண்டும், அது இயல்பாக ஃபால்ஸ். 3.0 பதிப்பு முதல் ‘டெலிட் ரிக்வெஸ்ட் ஸ்டோர்’ (அழிப்புக் கோரிக்கைகளை வைக்கும் சேமிப்பு) எது என்பதையும் குறிப்பிடாவிட்டால் லோக்கி தொடங்கவே மறுக்கும். மாற்றிய உடனே இடம் கிடைக்கவில்லையே என்று பதற வேண்டாம். அழிக்கக் குறித்த துண்டுகளை (லாக் வரிகளின் தொகுப்புகளை) 2 மணி நேரம் கழித்துத்தான் அது நீக்கத் தொடங்கும்.

லோக்கல் பாத் நீங்கள் கேட்ட அளவைக் கண்காணிப்பதில்லை. அது அந்தக் கணினியில் உள்ள சாதாரணக் கோப்புறைதான், ஆகவே 20 ஜிபி என்று எழுதியதற்குக் காகிதத்தைத் தவிர வேறெங்கும் மதிப்பில்லை. அந்தக் கோப்புறைக்குத் தனி பார்ட்டிஷன் ஒதுக்கினால், லாக் நிறைந்தாலும் கொள்முதல் பாட்கள் பிழைக்கும். வால்யூம் (பாட்டுக்கு ஒதுக்கிய சேமிப்பு) அந்தக் கணினியோடு கட்டுண்டிருப்பதால்தான் பாட் வேறிடம் போக முடியாமல் நிற்கிறது.

டிப்ளாய்மென்ட்டை விட்டு, பழைய பாட்டை நிறுத்திய பிறகே புதியதைத் தொடங்கும் ஸ்டேட்ஃபுல்செட்டுக்கு மாறுங்கள். டிப்ளாய்மென்ட் இயல்பாகப் புதிய பாட் தயாரான பிறகே பழையதை நிறுத்தும்; எனவே அமைப்பை நீங்கள் திருத்தும்போதெல்லாம் இரண்டு லோக்கிகள் சிறிது நேரம் ஒரே கோப்புறையில் எழுதுகின்றன. வால்யூமுக்கான ரீட் ரைட் ஒன்ஸ் அனுமதி என்பது ஒரே கணினி என்ற கட்டுப்பாடு மட்டுமே. அதே கணினியில் இரண்டு பாட்கள் அதைத் திறப்பதை அது தடுக்காது.

லேபிள்களைப் பொறுத்தவரை, உறுப்பினர் எண்ணை இன்றே நீக்கிவிடுங்கள். லோக்கி லேபிள்களை மட்டுமே அட்டவணைப்படுத்துகிறது. ஒவ்வொரு தனித்த சேர்க்கையும் ஒரு தனி ஸ்ட்ரீம் (லாக் வரிசை) ஆகிறது. ஆயிரக்கணக்கான உறுப்பினர்களை இயந்திரங்களோடு பெருக்கினால், சில வரிகளே கொண்ட துண்டுகள் குவிந்து நினைவகமும் தேடலும் திணறும். சங்கம், செயலி, சூழல் ஆகியவை லேபிளாக இருக்கட்டும். உறுப்பினர் எண் வரியினுள் இருந்தாலே வடிகட்டித் தேடலாம்.

மறுமொழி: ஆரம்பாக்கம்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரே கணினியின் வட்டை நம்பியிருக்கும் வரை, ஸ்டேட்ஃபுல்செட்டாக மாற்றினாலும் பெண்டிங் சிக்கல் தீராது. துண்டுகளையும் அட்டவணையையும் கிளஸ்டருக்கு வெளியே உள்ள எஸ்3 வகைச் சேமிப்பில் (அமேசானின் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் சேமிப்பில்) வையுங்கள். கிளஸ்டரே விழுந்தால், ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டிய லாக்கும் அதனுடன் போய்விடக் கூடாது. இன்னும் சேமிப்புக்குப் போகாத கடைசிப் பகுதி உள்ளூர் வட்டில் இருக்கும் முன்னெழுத்துக் கோப்புகளில்தான் நிற்கும், எனவே அந்த வால்யூமையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தச் சேமிப்பு இந்தியாவுக்குள் இருக்கட்டும். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் பாதுகாக்கக் கோருகிறது. கணினிக் கடிகாரங்களை என்டிபி எனும் நேர நெறிமுறை வழியாக ஒத்திசைக்கவும் சொல்கிறது. உங்கள் 30 நாளை அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

லாக் சேகரிப்பானை டீமன்செட்டாக (கணினிக்கு ஒரு பாட் வீதம்) ஓட்டி, எந்த வரி வரை அனுப்பியது என்ற குறிப்புக் கோப்பை அந்தந்தக் கணினியின் வட்டிலேயே வையுங்கள். பாட்டுக்குள் வைத்தால் மறுதொடக்கத்தில் அது மறைந்து, வரிகள் இரட்டிக்கும் அல்லது விடுபடும். குபேலெட் இயல்பாக ஒரு கன்டெய்னருக்கு (பாட்டுக்குள் ஓடும் செயலிக்கு) 10 எம்ஐபி அளவில் 5 கோப்புகளையே வைத்திருக்கும். லோக்கி நீண்ட நேரம் நின்றால் காலை நேர நெரிசலில் பழைய கோப்புகள் அனுப்பப்படாமலே அழிந்துபோகலாம், எனவே அந்த அளவை உயர்த்திக்கொள்ளுங்கள். லோக்கிக்கான பழைய சேகரிப்பான் பிராம்டெயில் 2025 பிப்ரவரியில் பராமரிப்பு நிலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது; புதிதாக அமைப்பவர்கள் அலாய் அல்லது ஃபுளூயன்ட் பிட் சேகரிப்பானை எடுப்பதே நல்லது.

மறுமொழி: பாலக்காட்டுக் கணவாய்

இருவருக்கும் நன்றி. காம்பாக்டர் அமைப்பைத் திருத்திவிட்டோம், இடம் விடுபடத் தொடங்கியிருக்கிறது. எஸ்3-க்கு மாறும்போது, இப்போது வட்டில் இருக்கும் லாக்கைத் தேட முடியுமா?

மறுமொழி: ஆரம்பாக்கம்

முடியும். ஸ்கீமா அமைப்பில் (எந்தத் தேதி முதல் எங்கே சேமிப்பது என்ற பட்டியலில்) உள்ள பழைய காலப்பகுதியைத் தொடாமல், வரவிருக்கும் ஒரு தேதியிட்டு எஸ்3-க்கான புதிய காலப்பகுதியை அதன் கீழே சேருங்கள். பழைய நாட்களை வட்டிலிருந்தும் புதியவற்றை எஸ்3-யிலிருந்தும் லோக்கியே படிக்கும். அந்தத் தேதி யூடிசி (உலகப் பொது) நேரத்தில் கணக்கிடப்படுகிறது, நமக்கு அது தொடங்குவது காலை 5.30. உங்கள் சங்கங்களில் பால் ஊற்றும் நேரமும் ஏறக்குறைய அதுவே என்பதால், புதிய அமைப்பை முந்தைய நாள் பகலிலேயே ஏற்றி, லோக்கி சரியாக எழுந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.