ஸ்கேன் கருவியில் திசுவின் ஒலிவேகம் அளக்க: உதவி தேவை

நண்பர்களே, பழைய அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று ஆய்வகத்தில் இருக்கிறது. அதை வைத்துத் திசுவில் ஒலிவேகத்தை அளக்கப் பார்க்கிறேன். கருவி எல்லாத் திசுவுக்கும் 1540 மீ/வி என்றே எடுத்துக்கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து ஆழத்தைக் காட்டுகிறது. கொழுப்பில் வேகம் சுமார் 1450, தசையில் 1580 பக்கம். ஆக, திரையில் தெரியும் மில்லிமீட்டரை அப்படியே நம்ப முடியாது.

அதனால் தண்ணீர்த் தொட்டியின் அடியில் உலோகத் தகடு வைத்து, முதலில் தகட்டின் ஆழத்தை மட்டும் குறிக்கிறேன். அப்புறம் இடையில் திசு மாதிரியை வைத்து அதன் மேல்முகம், கீழ்முகம், தகடு மூன்றையும் குறிக்கிறேன். திரையில் தகடு எவ்வளவு மேலே ஏறியது என்பதை மாதிரியின் திரைத் தடிமனால் வகுத்து, 1 கூட்டி, தண்ணீரின் வேகத்தால் பெருக்கினால் விடை. 1540 தானாகவே அடிபட்டுப் போகிறது, மாதிரியின் உண்மைத் தடிமனும் வேண்டாம். அழகான வழிதான்!

ஆனால் தகட்டின் எதிரொலி கோடாக இல்லாமல் தடித்த பட்டையாக விழுகிறது. 4 செ.மீ. தசையில் தகடு நகர்வதே இரண்டரை மி.மீ. சொச்சம், அதில் 0.3 மி.மீ. பிசகினால் விடை 11 மீ/வி மாறிவிடுகிறது. தண்ணீரின் சூட்டைக் கவனித்துக்கொள்கிறேன் (20 டிகிரியில் 1482, டிகிரிக்கு ஏறக்குறைய 3 கூடும்), அது பிரச்சினை இல்லை.

பட்டையின் மேல்விளிம்பைக் குறிப்பதா, நடுவையா? கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால் போதுமா, இல்லை படமாக மாறும் முன் உள்ள மூல சிக்னலை எடுத்தே தீர வேண்டுமா? பழைய கருவியில் அதை எடுத்தவர்கள் வழி சொல்லுங்கள்.