இடைவட்டுப் பிதுக்கத்துக்கு இயன்மருத்துவம் (பிசியோதெரபி) போதுமா?

கேள்வி (வெள்ளவத்தை):
புறக்கோட்டையில் நாள் முழுவதும் துணிக்கட்டுத் தூக்கும் என் கணவருக்கு, மூன்று வாரங்களாக இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை வலி இழுக்கிறது. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. வைத்தியர் இயன்மருத்துவத்துக்கு அனுப்பியுள்ளார். உறவினர்களோ சத்திரசிகிச்சைதான் தீர்வு என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில் 1:
அக்கா, நான் இயன்மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். வைத்தியர் சொன்னதே சரியான தொடக்கம். பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வது பரவலாக நிகழ்வதால், பெரும்பாலானோர் 6 முதல் 12 வாரங்களில் கத்தியின்றியே தேறுகிறார்கள். பயிற்சி வட்டை உள்ளே தள்ளிவிடுவதில்லை. தசைகளைப் பலப்படுத்தி, அசையவே அஞ்சும் மனத்தையும் தேற்றுகிறது. குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மார்பை உயர்த்தும்போது, கால்வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் சிறுநீர் தடைப்பட்டாலோ அடக்க முடியாமற் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்தாலோ, பாதம் தூக்க இயலாமல் தொங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பதில் 2 (கொட்டாஞ்சேனை):
தங்கச்சி, எனக்கும் இதே வலி இருந்தது. முதல் வாரம் முழுவதும் கட்டிலிலேயே கிடந்தது என் தவறு. காலிமுகத் திடலில் மாலைதோறும் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கிய பின்பே கால் இலேசாயிற்று.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நாளைக் காலை முதல் அமர்வுக்குப் போகிறோம்.