புதுப்பிப்பு: தன்னார்வத் தீயணைப்புப் படையில் பயிற்சிக்கு யார் பொறுப்பு?

புதிதாகச் சேர்ந்தவர்களை, சுவாசக் கருவி மாட்டிப் பழகும் முன்பே, நிஜத் தீயில் நடக்கும் பயிற்சிக்கு எங்கள் படை அழைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "சம்பளம் வாங்காதவர்களிடம் கணக்குக் கேட்பதா?" என்று சிலர் கேட்டார்கள்.

கேட்கத்தான் வேண்டும். 2001 செப்டம்பரில் நியூயார்க் மாநிலம் லெயர்ட்ஸ்வில்லில், படையில் சேர்ந்து சில வாரங்களே ஆன 19 வயது இளைஞரைப் பழைய வீடொன்றின் மாடியில் சிக்கியவர்போல் நடிக்க வைத்தார்கள். கீழே சோபாவின் நுரை மெத்தை பற்றியதும் தீ கைமீறியது. அவர் இறந்தார், இருவர் காயமடைந்தனர். பயிற்சியை நடத்திய துணைத் தலைவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரும் தன்னார்வலர்தான். நிஜத் தீப் பயிற்சிக்கு அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ வகுத்த 1403 விதிமுறை 1986-லேயே வந்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆளை நடிக்க வைப்பதைத் தடுக்கும் சட்டத்தை நியூயார்க் இந்த மரணத்துக்குப் பிறகுதான் இயற்றியது.

சரி, எங்கள் படைக்கு வருகிறேன். இந்தச் சம்பவத்தைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார், பயிற்சியைத் தள்ளிவைத்தார். அடிப்படைப் பயிற்சி முடித்ததாக எழுத்தில் பதிவு இல்லாதவர் இனி உள்ளே போக முடியாது. அப்புறம், பாதுகாப்பு அதிகாரி தனியாக இருப்பார். தலைவரே சொன்னாலும் அவர் பயிற்சியை நிறுத்தலாம். இதை மூத்தவர்கள் சிலர் இன்னும் ஏற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.