பாதிப் பருவத்தில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்காமல் ஒரு பாடத்தை விடுவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஃப்-1 மாணவர் விசா. இப்போது பருவத்தின் எட்டாவது வாரம். கரிம வேதியியல் கையை விட்டுப் போய்விட்டது. முதல் தேர்வில் 41, இரண்டாவதில் 38. மதிப்பெண் பட்டியலில், பாதியில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழுந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாடத்தை விட்டுவிட வேண்டும். கடைசி நாள் வரும் வெள்ளி.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. கையில் 14 கிரெடிட் (பாடங்களுக்கான அளவுப் புள்ளி). இதை விட்டால் 10. விசாவுக்கு முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், அதற்கு 12 வேண்டும்.

கல்வி ஆலோசகர் "விட்டுவிடு" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். விசா அவர் கவலை இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில், படிப்புச் சிரமத்தைக் காட்டிப் பாடச்சுமையைக் குறைக்கும் அனுமதி ஒரு பட்டப்படிப்புக்கு ஒரே முறைதான் என்றார்கள். அதை முதல் பருவத்திலேயே செலவழித்துவிட்டேன். திங்களன்று தொடங்கும் எட்டு வார வகுப்புகளில் இடம் இருப்பவை எல்லாம் ஆன்லைன். ஒரு பருவத்தில் ஓர் ஆன்லைன் பாடம், அதிகபட்சம் 3 கிரெடிட், அவ்வளவுதான் கணக்கில் சேரும். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இலவசப் பயிற்சி மையத்திலும் மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். சனிக்கிழமை மைதானத்து முரசொலி விடுதி ஜன்னலை அதிரவைக்கும்போது நான் மட்டும் கரிம வேதியியலின் அறுகோணங்களை வரைந்துகொண்டிருந்தேன்.

பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் 2 கிரெடிட் ஆய்வுப் பாடமாகப் பாதிப் பருவத்தில் பதிவு செய்து, முழுநேரக் கணக்கைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, யாரிடம் கையெழுத்து வாங்கினீர்கள்?